ஹவில்தார் நாயும் பூரணத் தலையனும்

நவம்பர் 17, 2025, திங்கள். டோக்கியோ

அருங்காட்சியகம் பூட்டிக் கிடந்தது. மாதத்தின் முதல், மூன்றாம் திங்கள்கிழமைகளில் விடுமுறையாம். கதவில் இருந்த அறிவிப்பைப் போன் கேமராவில் காட்டி மொழிபெயர்த்த பிறகுதான் தெரிந்தது. இன்று மூன்றாம் திங்கள். தூத்துக்குடியிலிருந்து கிளம்பும்போது குளிர், காசு, மின்சாரப் பிளக் என்று எல்லாவற்றையும் விசாரித்தவன் இதை மட்டும் விட்டுவிட்டேன்.

சரி, எதற்காக வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். கம்பெனி வேலையாகப் போன வாரம் முழுக்க டோக்கியோவில் ஒரு குளிரூட்டிய அறைக்குள் கழிந்தது. கையில் ஐந்து நாள் லீவு இருந்தது. கூட வந்தவர்கள் ஃபூஜி மலைக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் ஒரு நாயைப் பார்க்க, அதன் அருங்காட்சியகம் இருக்கும் மொரிஷிதா என்ற பகுதிக்கு வந்தேன்.

நாயின் பெயர் நோராக்குரோ. கறுப்புத் தெருநாய், நான்கு பாதங்களும் வெள்ளை. 'ஷோனென் குராபு' என்ற சிறுவர் மாத இதழில் 1931 ஜனவரியில் தொடங்கிய படக்கதையின் நாயகன். ஜப்பான் சீனாவுக்குள் நுழைந்து போர் நடத்திய அந்தப் பத்தாண்டு முழுக்க ராணுவ உடுப்புப் போட்டுக்கொண்டு பிள்ளைகளைச் சிரிக்க வைத்தது.

சின்ன வயதில் நான் வாடகைக்கு எடுத்துப் படித்த போர்க்கதைகளில் ஜப்பானியச் சிப்பாய்க்கு வட்டக் கண்ணாடியும் துருத்திய பல்லும் இருக்கும். "பன்சாய்" என்று கத்துவான், அடுத்த கட்டத்தில் சுடப்பட்டு விழுவான். விழுவதற்கென்றே வரையப்பட்டவன். அவன் வீட்டுப் பிள்ளைகள் எந்தப் படக்கதையைப் படித்தார்கள் என்று கேட்டுப் பார்க்க எனக்கு முப்பது வருஷம் ஆகிவிட்டது.

பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பதில் பயனில்லை. பக்கத்தில் தகபாஷி என்ற கடைத்தெரு. அதற்கு 'நோராக்குரோ வீதி' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். விளக்குக் கம்பங்களில் தொங்கும் துணிகளில் எல்லாம் நாய். பாதிக் கடைகள் ஷட்டர் இறக்கியிருந்தன. காய்கறிக் கடைப் பாட்டி என்னைப் பார்த்ததும், கேட்காமலேயே, அருங்காட்சியகம் இருக்கும் திசையைக் காட்டிவிட்டு இரண்டு கையையும் பெருக்கல் குறி மாதிரி வைத்துக் காட்டினார். இன்று இல்லை என்பது அந்தத் தெருவுக்கே தெரிந்திருக்கிறது.

மதியம் ஃபுக்காகவா-மேஷி. இந்தப் பகுதியின் பழைய மீனவர் சாப்பாடு. சுடுசோற்றின் மேல் மிசோ என்ற சோயா விழுது போட்டுக் கொதிக்கவைத்த மட்டிக் குழம்பை அப்படியே ஊற்றித் தருகிறார்கள். எங்கள் ஊர்க்காரனுக்கு மட்டியைக் காட்டி மிரட்ட முடியாது. காரம்தான் கொஞ்சமும் இல்லை. 1,500 யென், நம் காசில் எண்ணூற்றுச் சொச்சம். நான் சோற்றையும் குழம்பையும் பிசைந்ததைப் பார்த்த கடைக்காரம்மா ஒன்றும் சொல்லாமல் ஒரு ஸ்பூனைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். கண்டித்தாரா, உபசரித்தாரா என்று இரவு வரை யோசித்தேன்.

நவம்பர் 18, செவ்வாய். டோக்கியோ

இன்று திறந்திருந்தது. காசு வாங்கவில்லை. மொரிஷிதா பண்பாட்டு மையத்தின் தரைத்தளத்தில் ஒரு பகுதிதான் அருங்காட்சியகம். நம் ஊர் கிளை நூலகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. வரைந்தவரான தகவா சுய்ஹோவின் வேலை அறையை அப்படியே எடுத்து வைத்திருக்கிறார்கள்: மேசை, தூரிகைகள், அலமாரி.

தகவா 1899இல் பிறந்தவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே தாய் போய்விட, இந்த ஃபுக்காகவா பகுதியில் உறவினர் வீட்டில் வளர்ந்தவர். 1919இல் ராணுவத்துக்கு இழுக்கப்பட்டு, கொரியாவிலும் மஞ்சூரியாவிலும் இருந்துவிட்டு 1922இல் திரும்பினார். அப்புறம் ஓவியப் பள்ளி, 'மாவோ' (MAVO, சீனத் தலைவர் மாவோ இல்லை) என்ற கலகக்கார ஓவியர் கூட்டம், வயிற்றுப் பாட்டுக்கு நகைச்சுவைக் கதைகள். இவ்வளவும் தாண்டி வந்த ஆள்தான் அந்த நாயை வரைந்தார்.

நாய்க்கும் தாய் தகப்பன் கிடையாது. திரிந்துகொண்டிருந்தது 'மூர்க்க நாய்ப் படைப்பிரிவில்' கடைநிலைச் சிப்பாயாகச் சேர்கிறது. தூங்கி வழியும், சாப்பாட்டைத் திருடும், வரிசையில் தப்பாக நிற்கும். கடைசியில் எப்படியோ தற்செயலாக ஒரு சாதனை செய்து பதக்கம் வாங்கிவிடும். புல்டாக் முகத்துக் கர்னல் திட்டுவார். ஆனால் அந்தத் திட்டில் ஒரு தகப்பன் இருப்பார். படக்கதையின் ரகசியம் இங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. முதல் வருஷங்களில் கொடி ஆட்டுவதோ எதிரியை வெறுக்கச் சொல்வதோ பெரிதாக இல்லை. போக்கிடம் இல்லாத நாய்க்கு ஒரு படுக்கை, மூன்று வேளைச் சோறு, பெயர் சொல்லிக் கூப்பிட நாலு பேர். பத்து வயதுப் பிள்ளைக்கு ராணுவத்தின் மேல் ஆசை வர வேறென்ன வேண்டும்?

தகவாவின் முதல் திட்டப்படி, சேவைக்காலம் முடிந்ததும் நாய் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். பிள்ளைகள் விடவில்லை. கதை தொடங்கிய அதே 1931 செப்டம்பரில் மஞ்சூரியாவை ஜப்பான் படைகள் பிடிக்கத் தொடங்கிவிட்டன. நாய்க்கு வருஷத்துக்கு ஒரு பதவி உயர்வு. புத்தகத் தலைப்புகளே பதவிகள்தான். 1933இல் நாயக் ஆனது. (நம் ராணுவப் பதவிப் பெயரில் சொன்னால் நாயே நாயக். இந்தச் சிலேடையைக் காவலாளிக்கு விளக்க முயன்று தோற்றேன்.) 1934இல் ஹவில்தார், 1935இல் ஹவில்தார் மேஜர், 1937இல் லெப்டினன்ட் தோளணி.

1937இல் சீனாவுடன் முழுப்போர். நாயின் எதிரிகளும் மாறினார்கள். முன்பு குரங்குகளோடு சண்டை, அது ஏதோ தெருச்சண்டை மாதிரி இருக்கும். இப்போது பன்றிகள் வந்தன. பன்றி என்றால் சீனர், ஆடு என்றால் மஞ்சூரியர், பின்னால் நிற்கும் கரடி என்றால் ரஷ்யர். எந்த மிருகம் எந்த நாடு என்று ஒரு பிள்ளைக்கும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் அட்டைகளை வருஷ வாரியாகப் பார்த்துக்கொண்டே வந்தால், எந்த இடத்தில் சிரிப்பு மாறுகிறது என்று விரலை வைக்க முடியவில்லை. நாயின் முகம் கடைசி வரை ஒன்றுதான்.

அமெரிக்கப் பக்கம் வேலை சுலபம். கேப்டன் அமெரிக்கா முதல் இதழின் அட்டையிலேயே ஹிட்லர் தாடையில் ஒரு குத்து. மார்ச் 1941 என்று தேதி போட்டு 1940 டிசம்பரிலேயே கடைக்கு வந்துவிட்டது, அமெரிக்கா போரில் இறங்குவதற்கு ஏறக்குறைய ஒரு வருஷம் முன்பு. அதைப் பார்க்கும் யாருக்கும் அது பிரச்சாரம் என்று தெரியும். நாயைப் பார்த்தால் தெரியாது.

அங்கே இருந்த ஒரு பெரியவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். போன் மொழிபெயர்ப்பில் பேசினோம். அவர் பார்த்தது 1970இல் தொலைக்காட்சியில் வந்த நோராக்குரோ. போருக்கு முன் வந்த புத்தகங்களைப் படித்தவர் அவருடைய அப்பா. 1943இல் அப்பாவைப் பட்டாளத்துக்கு எடுத்தபோது, நாயின் பாரக் மாதிரிதான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனாராம். முதல் நாள் இரவே தோல் செருப்பால் கன்னத்தில் அறை. ஒரு வாரத்தில் காது கேட்கவில்லை. "அப்பா அந்தப் புத்தகங்களைக் கடைசி வரை தூக்கிப் போடவில்லை" என்றும் சொன்னார். ஏன் என்று கேட்டேன். போன் ஏதோ "நாய் நல்ல நாய்" என்று மொழிபெயர்த்தது. சரியாகத்தான் மொழிபெயர்த்ததா என்று இன்னும் சந்தேகம்.

நாயின் முடிவும் விசித்திரம். கேப்டன் ஆன பிறகு 1939இல் ராணுவத்தை விட்டு, கொரிய நாய், ஆடு, பன்றி என்று கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு ஆசியப் பெருநிலத்தில் சுரங்கம் தேடிப் போகிறது. 'எல்லா இனமும் ஒற்றுமையாக' என்ற அரசாங்க முழக்கத்தின் நாலுகால் வடிவம். அப்படியும் அரசாங்கம் விட்டுவைக்கவில்லை. காகிதத் தட்டுப்பாட்டு நேரத்தில் வேடிக்கைப் படம் எதற்கு என்று அழுத்தம் வந்து, 1941 இலையுதிர் காலத்தில் தொடர் நின்றது. பத்து வருஷம் பிள்ளைகளைப் பட்டாளத்துக்குப் பழக்கிய நாயைப் பட்டாளத்து ஆட்சியே வீட்டுக்கு அனுப்பியது. போருக்குப் பின் தகவா மறுபடி வரைந்தார். கடைசியில் நாய் ஒரு காபிக் கடை வைத்து, கல்யாணம் பண்ணிக்கொண்டு செட்டில் ஆகிறது.

வெளியே வந்து நானும் ஒரு காபி குடித்தேன். 550 யென். நாயின் கடையில் குறைவாக இருந்திருக்கும்.

நவம்பர் 19, புதன். டோக்கியோ, பிறகு பேருந்து

காலையிலிருந்து தூறல், விரல் விறைக்கும் குளிர். குதான்ஷிதா ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஷோவா-கான். போர்க்காலத்திலும் அதன் பின்னும் சாதாரணக் குடும்பங்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைக் காட்டும் அருங்காட்சியகம், 1999இல் திறந்தது. ரேஷன், பள்ளிக்கூடம், வீட்டுச் சாமான்கள். பீரங்கியைவிட இவைதான் எனக்குத் தொண்டையை அடைக்கின்றன.

இங்கே நூலகமும் உண்டு. 'யமாத்தோ குடும்பம்' பற்றிப் படித்துப் பார்க்கத்தான் வந்தேன். 1940 டிசம்பரில் வந்த படக்கதைப் பாத்திரங்கள். தாத்தா பாட்டி முதல் பேரப் பிள்ளை வரை மூன்று தலைமுறைக் கூட்டுக்குடும்பம். வரைந்தது ஓவியர் சங்கம்; படத்தின் உரிமையோ, ஆட்சியின் கையில் இருந்த தேச உதவிக் கழகத்துக்கு. பல நாளிதழ்கள், பல ஓவியர்கள், ஒரே குடும்பம். வாசகர்களும் வரையலாம் என்று அழைப்பு வேறு. சிக்கனமாக இரு, அக்கம்பக்கக் குழுவில் சேர், சேமி. இதைத்தான் அந்தக் குடும்பம் கட்டத்துக்குக் கட்டம் செய்துகாட்டும்.

அதிக நாள் ஓடவில்லை. எனக்கு ஆச்சரியமில்லை. யமாத்தோ குடும்பத்தில் யாருக்கும் ஒரு கெட்ட பழக்கம் கூடக் கிடையாது. சோறு திருடாத நாயை யார் படிப்பார்கள்? அந்தக் குடும்பத்தை வரைந்தவர்களில் ஓர் இளம் பெண்ணும் உண்டு, தகவாவின் மாணவி ஹசெகவா மச்சிகோ. போர் முடிந்ததும் 1946இல் இவர் தொடங்கிய 'சசாயே-சான்' இன்றும் ஜப்பான் தொலைக்காட்சியில் ஞாயிற்றுக்கிழமை தோறும் வருகிறது. அதுவும் மூன்று தலைமுறைக் கூட்டுக்குடும்பம்தான். ஆனால் அதன் நாயகி சசாயே அம்மாவுக்கு எல்லாம் மறந்துபோகும், செருப்பில்லாமல் தெருவில் ஓடுவாள்.

குடையை நூலகத்திலேயே விட்டுவிட்டுக் கிளம்பினேன். சிக்னல் வரை ஒரு அம்மா நனைந்துகொண்டே ஓடிவந்து கொடுத்தார், தன் குடையை விரிக்கக்கூட இல்லை. நான் குனிய, அவர் குனிய, பச்சை விளக்கு போய்விட்டது.

இரவு பேருந்தில் கோச்சிக்குப் பன்னிரண்டு மணி நேரம். சிக்கனம் என்று நினைத்து எடுத்த டிக்கெட். என் இருக்கைக்கு அடியில்தான் ஹீட்டர். பாதம் வேக, ஜன்னல் பக்கத் தோள் உறைய, ஒரு பொட்டுத் தூக்கமில்லை. பேருந்தில் முப்பது பேர், மூச்சுச் சத்தம் கூட இல்லை. தும்மல் வந்தபோது துண்டை வாயில் அடைத்துக்கொண்டேன்.

நவம்பர் 20, வியாழன். கோச்சி

ஷிக்கோக்கு தீவின் தென்கரை. இறங்கியதும் வெயில். ஸ்வெட்டரைக் கழற்றியதும் ஊருக்கு வந்த மாதிரி இருந்தது.

இங்கே பிறந்தவர் படக்கதை ஓவியர் யொக்கொயாமா ரியூஇச்சி (1909–2001). நகராட்சிப் பண்பாட்டு மையத்தில் 2002 முதல் அவருக்கு ஒரு காமிக்ஸ் அருங்காட்சியகம். அவர் வரைந்த பையன் ஃபுக்கு-சான்: தலையைவிடப் பெரிய கல்லூரித் தொப்பி, இடுப்பில் ஏப்ரன், காலில் மரச்செருப்பு. 1936இல் அசாஹி நாளிதழில் வேறொரு பையனின் கதைக்குள் துணைப் பாத்திரமாக வந்தவன். கொஞ்ச மாதத்தில் கதையே அவன் பெயருக்கு மாறிவிட்டது. இவனும் வளர்ப்புப் பிள்ளைதான். எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது: நாய் அநாதை, பையன் தத்துப்பிள்ளை. அந்தக் காலத்துப் பிள்ளைகள் யாருக்காக உருகினார்கள் என்று பாருங்கள்.

போர் வந்ததும் கதையின் தலைப்பு 'முன்னேறு, ஃபுக்கு-சான்' ஆயிற்று. பாவம், பக்கத்து வீட்டுக்கு முன்னேறிக்கொண்டிருந்த பையன். 1942இல் யொக்கொயாமாவையே பிரச்சார வேலைக்காக ஜாவாவுக்கு அனுப்பினார்கள். 1944இல் ஃபுக்கு-சானை ஒரு நீர்மூழ்கிக் கப்பலில் ஏற்றிக் கார்ட்டூன் படம் வந்தது. அந்தப் படத்தில் எனக்கு நினைவில் நிற்பது குண்டு விழும் காட்சி இல்லை, கப்பலின் சமையலறை. காய் நறுக்குகிறார்கள், சோறு பொங்குகிறார்கள், எல்லாம் பாட்டோடு. தியேட்டரில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் வீட்டில் அந்த வருஷம் ரேஷன் அரிசியே தட்டுப்பாடு. எதிரிக் கப்பல் மூழ்கியதைவிட அந்தச் சட்டியைத்தான் வாயைப் பிளந்து பார்த்திருப்பார்கள்.

யொக்கொயாமாவுக்குக் கண்டதையும் சேர்க்கும் பழக்கம் இருந்திருக்கிறது. நோபல் பரிசு வாங்கிய எழுத்தாளர் கவபத்தாவின் பித்தப்பைக் கல் உட்பட. இப்படிப்பட்ட ஆளையும் ஜாவாவுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

மதியம் ஹிரோமே சந்தை. நீள மேசைகள், யார் பக்கத்தில் வேண்டுமானாலும் உட்காரலாம். பகல் பன்னிரண்டுக்கே பாதிப் பேர் பீரில் இருந்தார்கள். நேற்றைய பேருந்தின் மௌனத்துக்கு இந்த ஊர் பழிவாங்குவது போல அப்படி ஒரு சத்தம். கத்சுவோ தத்தாகி வாங்கினேன். கத்சுவோ என்றால் நம் சூரை. வைக்கோலை அள்ளிப் போட்டு எரியும் தீயில் மேல்தோலை மட்டும் கருக்கி, உள்ளே பச்சையாகவே விட்டு, கல்லுப்பும் பச்சைப் பூண்டுத் துண்டுமாகத் தருகிறார்கள். 1,400 யென். பச்சைச் சூரையா என்று தயங்கினேன். எதிரே இருந்த லாரி ஓட்டுநர் மாதிரி இருந்தவர் ஒரு துண்டின் மேல் பூண்டை வைத்துத் தானே சாப்பிட்டுக் காட்டினார். என் தட்டிலிருந்துதான். சாப்பிட்டேன். புகை, உப்பு, கடல். அதே மீனைக் காயவைத்துக் கட்டையாக்கிச் சீவி எதிலும் தூவுகிறார்கள். எங்கள் வீட்டு மாசிச் சம்பலின் வாசனை சந்தை முழுக்க.

அவருக்கு ஃபுக்கு-சான் படத்தைக் காட்டினேன். தலையாட்டிவிட்டு, நாளை எங்கே என்று சைகையில் கேட்டார். சொன்னதும் மேசை முழுக்க, ஆறு பெரியவர்கள், ஒரே குரலில் பாடத் தொடங்கிவிட்டார்கள்.

நவம்பர் 21, வெள்ளி. கோச்சி, காமி

பாட்டு அன்பான்மான் பாட்டு. ஜப்பானில் மூன்று வயதுப் பிள்ளை எதுவும் அறியும் முன் அறிந்துகொள்ளும் ஆள். தலை ஒரு அன்பான், அதாவது இனிப்புப் பயறு வைத்த பன். பசித்தவனைக் கண்டால் தன் தலையைப் பிய்த்து ஊட்டிவிடுவான். கோச்சி நிலையத்தில் ரயில் பெட்டி முழுக்க அவன் முகம்தான். நான் ஏறியது சாதாரணப் பெட்டி, அதில் ஒரு குழந்தை அழுதுகொண்டே வந்தது. நியாயம்தான்.

தோசா-யமதாவில் இறங்கி, பேருந்து கண் முன்னால் கிளம்பிப் போவதைப் பார்த்தேன். அடுத்ததற்கு ஒரு மணி நேரம். நிறுத்தத்தில் ஒரு பாட்டி பையிலிருந்து இரண்டு ஆரஞ்சு எடுத்து, ஒன்றை உரித்து, பாதியை என் கையில் வைத்தார். எந்த ஊர் என்று கேட்கவில்லை, பெயர் கேட்கவில்லை. தோலைத் திரும்ப வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

அன்பான்மானை உருவாக்கிய யானாசே தகாஷியின் (1919–2013) பூர்வீகம் இந்த மலைப்பக்கம். அவர் பேரில் உள்ள அருங்காட்சியகம் 1996 முதல் இருக்கிறது. 1941இல் பட்டாளம், பிறகு சீனா. அங்கே அவருக்குக் கிடைத்த வேலைகளில் ஒன்று, படச்சட்ட நாடகம் (சட்டத்துக்குள் படங்களை மாற்றி மாற்றிக் காட்டிக் கதை சொல்வது) போட்டுச் சீனக் கிராமத்தாரைச் சமாதானப்படுத்துவது. படம் வரைந்து நம்பவைப்பதை உள்ளேயிருந்தே செய்தவர். கடைசி மாதங்களில் வெறும் கஞ்சிதான், பசியைவிடக் கொடுமை வேறில்லை என்று பின்னாளில் பல இடங்களில் எழுதினார். தம்பி கடற்படையில் இறந்துபோனான். 1945 ஆகஸ்டில் ஒரே நாளில் நேற்றைய நியாயம் அநியாயம் ஆகிவிட்டது. எந்தக் கட்சி ஆண்டாலும் புரட்ட முடியாத நியாயம் ஏதாவது உண்டா என்று தேடி, பசித்தவனுக்குச் சோறு போடுவது ஒன்றுதான் என்று முடிவுக்கு வந்தார்.

அன்பான்மான் 1969இல் முதலில் வந்தது பெரியவர்களுக்கான ஒரு சிறு கதையில். அப்போது தலை பன் இல்லை. தொந்தியும் கிழிந்த மேலங்கியுமாக ஒரு ஆள், பசித்த பிள்ளைகளுக்குப் பன் கொண்டுபோய்ப் பறந்து பறந்து கொடுப்பான். எல்லையைத் தாண்டும்போது விமான எதிர்ப்புப் பீரங்கி சுட்டு வீழ்த்திவிடும். 1973இல் சிறுவர் படப்புத்தகமாக வந்தபோது தலை பன் ஆயிற்று. பெரியவர்கள் முகம் சுளித்தார்கள், தலையைத் தின்னக் கொடுப்பதாவது என்று. பிள்ளைகள் புத்தகத்தைக் கிழியும் வரை படித்தார்கள். 1988இல் தொலைக்காட்சிக்கு வந்தபோது யானாசேக்கு வயது அறுபத்தொன்பது.

ஒரு அன்பான் வாங்கினேன், 350 யென். உள்ளே இருப்பது நம் போளிப் பூரணமேதான், ஏலக்காய் மட்டும் இல்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பிய்த்தபோது நாலு வயதுப் பையன் ஒருவன் வந்து பன்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் அப்பா தூரத்தில் போனில் இருந்தார். பாதியைக் கொடுத்தேன். அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். அவர் தலையசைத்ததும் வாங்கி இரண்டே வாயில் முடித்தான்.

முடித்துவிட்டு, ஒரு அடி பின்னால் போய், முட்டியை மடக்கி, "ஆன்-பான்ச்!" என்று கத்தி என் முழங்காலில் ஓங்கி ஒரு குத்து விட்டான். ஒவ்வொரு வாரமும் கதை முடிவில் அன்பான்மான் வில்லனுக்கு விடும் குத்து அது. அப்பா ஓடிவந்து, பதறி, என்னிடம் ஐந்து முறை குனிந்தார். நானும் குனிந்தேன். குனிந்திருந்த நேரம் பார்த்து இன்னொன்று விட்டான்.